நேரில் பார்த்தவர்

சென்னையில் அறுபது வயது தாண்டிய ஆண்களில், 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கம் மைதானத்தில் இல்லாத ஒருவரைக் காட்டினால் அவருக்கு மாலை போட்டு ஊர்வலம் விட நான் தயார். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் 'டை' ஆன நாள் அது. டிரா இல்லை, டை. ஐந்து நாள் அடித்துப் பிடித்து ஓடிவிட்டு, முடிவில் கடைசி விக்கெட்டும் விழுந்து, இரண்டு தரப்பும் ஒரே எண்ணிக்கையில் வந்து நிற்பது. டெஸ்ட் வரலாற்றில் இது நடந்தது இரண்டே முறை: 1960-ல் பிரிஸ்பேனில், அப்புறம் நம் சேப்பாக்கத்தில்.

அன்று திங்கட்கிழமை. அதை மட்டும் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் சொல்வதை அப்படியே நம்பினால், அன்று மெட்ராஸில் ஒரு வங்கிக் கவுண்டர் திறந்திருக்காது, ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடித்திருக்காது, பல்லவன் பஸ் ஓட்ட ஆள் கிடைத்திருக்காது. மைதானத்தில் ஐம்பதாயிரம் பேர் என்று தாராளமாகவே கணக்குப் போடுவோம். தி. நகர் பூங்கா பெஞ்சுகளில் மட்டும் அதில் பாதிப்பேர் இன்றைக்கும் காலை ஆறரை மணிக்கு உட்கார்ந்திருக்கிறார்கள். மீதிப் பாதி மயிலாப்பூரில்.

இப்படிப்பட்டவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'நேரில் பார்த்தவர்'. கேன்வாஸ் ஷூ, மார்கழி என்றால் குரங்குக் குல்லாய், கையில் சுருட்டிய பேப்பர். மூன்று சுற்று நடப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்து ஒரு சுற்று நடப்பார். பாக்கி இரண்டு சுற்று பெஞ்சில்.

கதையை இவர் தானாக ஆரம்பிக்க மாட்டார். அது கத்துக்குட்டிகள் செய்வது. இவர் காத்திருப்பார். நீங்கள் கர்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்ன சார் இப்பவே இப்படிக் கொளுத்துது" என்று சொல்லும்வரை காத்திருப்பார். சொன்னீர்களா, தீர்ந்தது.

"இது ஒரு வெயிலா தம்பி? டீன் ஜோன்ஸ் இருநூத்திப் பத்து அடிச்சானே, அதுதான் வெயில். பிட்ச் பக்கத்துலயே வாந்தி எடுத்தான். எடுத்துட்டு மறுபடி ஆடினான். அவுட்டானதும் நேரா ஆஸ்பத்திரி, டிரிப்ஸ். நான் அங்கதான் இருந்தேன்."

இதில் பொய் எதுவும் இல்லை. டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்தது உண்மை, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றியதும் உண்மை. சந்தேகத்துக்கு இடமுள்ளது கடைசி வாக்கியம் ஒன்றுதான். ஆனால் அதற்குள் நாம் இரண்டாவது இன்னிங்ஸுக்குப் போய்விட்டிருப்போம். அந்த வெயிலிலும் கிரெக் மாத்யூஸ் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து வீசியது, இந்தியாவுக்கு இலக்கு 348 ஆக இருந்தது, கடைசி ஓவருக்கு நான்கு ரன் பாக்கி, கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுக்கிறார், அடுத்து ஒன்று. எண்ணிக்கை சமம். எதிரே மணிந்தர் சிங். ஒரு பந்தைத் தடுத்துவிட்டார். ஐந்தாவது பந்து காலில் படுகிறது, நடுவர் விக்ரம் ராஜு விரலைத் தூக்குகிறார்.

இங்கே நம்மவர் குரலைத் தாழ்த்துவார்.

"தம்பி, அது அவுட் இல்ல. பேட்ல பட்டுது. எனக்குச் சத்தம் கேட்டுது."

மணிந்தரும் பேட்டில் பட்டதாகத்தான் இன்றுவரை சொல்லிவருகிறார். ஆனால் மணிந்தர் அந்த பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தவர். நம்மவர் பக்கிங்காம் கால்வாய்ப் பக்க கேலரியில், எல்லைக் கோட்டுக்கும் வெகு தொலைவில், ஒரு சுண்டல்காரருக்குப் பின்னால் இருந்தவர். ஊரே எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பந்து மட்டையை உரசிய சத்தம் இவர் காதில் மட்டும் தனியாக வந்து விழுந்திருக்கிறது. இன்றைக்கு அதே காது, சமையலறையிலிருந்து அம்மாள் "கேஸ் சிலிண்டர் வந்திருக்கு, பாருங்க" என்று மூன்று தரம் கூப்பிட்டாலும் திரும்பாது.

இவர் ஒரே ஒரு ஆட்டத்துக்குச் சாட்சி என்று நினைத்துவிடாதீர்கள். 1975 பொங்கல் டெஸ்டுக்கும் போயிருக்கிறார். வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட் எடுத்த இன்னிங்ஸில் விஸ்வநாத் ஒற்றை ஆளாக நின்று 97 அடித்தாரே, அதற்கும் இருந்தார். மொத்தமே 190 ரன், அதில் விஸ்வநாத் 97. சதத்துக்கு மூன்று ரன் பாக்கியிருக்கக் கடைசி ஆளாக அவுட்டான சந்திரசேகர் மேல் இவருக்கு இருக்கும் வருத்தம் ஐம்பது வருடமாகத் தீரவில்லை. ஏதோ கைமாற்று வாங்கித் திருப்பித் தராத பங்காளியைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்.

1999 ஜனவரி 31 மட்டும் கொஞ்சம் சிக்கல். பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்த நாள். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்தும் தோற்றோம். தோற்ற பிறகு சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. சென்னை தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயங்களில் இது முதல் வரிசை, நியாயமான பெருமையும்கூட. சிக்கல் என்னவென்றால், அன்று முதலில் எழுந்து கைதட்டியவரை எனக்கு நேரில் தெரியும். ஒருவர் இல்லை, நிறையப் பேரைத் தெரியும். ஒவ்வொருவரும் தனித்தனியாக, பக்கத்தில் யாரும் எழாத நேரத்தில், தான் மட்டும் எழுந்திருக்கிறார். தான் தட்டியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தட்டினார்கள். இத்தனை பேர் முதலில் தட்டியிருந்தால் அப்புறம் தட்டினது யார்?

இந்த இனம் சென்னைக்கு மட்டும் சொந்தமில்லை. மதுரைக்காரர்கள் கிரிக்கெட்டை விட்டுவிடுவார்கள். அவர்களுக்குத் தங்கம் தியேட்டர். 1952 தீபாவளிக்கு அங்கே முதல் படமாக 'பராசக்தி' வந்தபோது தரை டிக்கெட்டில் உட்கார்ந்து பார்த்ததாக ஒருவர் என்னிடம் வர்ணித்தார். சிவாஜி கோர்ட்டில் பேச எழுந்ததும் தியேட்டர் எப்படி அமைதியானது, பக்கத்தில் ஒரு பெரியவர் எப்படித் தேம்பினார் எல்லாம் சொன்னார். போன மாதம்தான் அவருக்கு எழுபதாம் வயது நிறைந்து பீமரத சாந்தி நடந்திருந்தது, பத்திரிகை என் மேஜையில் கிடந்தது. கழித்துப் பார்த்தேன். பிறப்பதற்கு முன்பே தரை டிக்கெட் எடுத்திருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் அப்பா பார்த்திருப்பார், வீட்டில் சொல்லிச் சொல்லி அது பிள்ளைக்கு வந்திருக்கும். வீடு வாசல் வருவதில்லையா, இதுவும் வந்தது. சங்கீதக் கிளைக்காரர்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. மைக் இல்லாமல் பாலக்காடு மணி ஐயர் வாசித்ததைக் கடைசி வரிசையில் இருந்து கேட்டவர்களோடு வழக்குக்குப் போக எனக்குத் தெம்பு இல்லை.

நேரில் பார்த்தவருக்கு எதிரிகள் இரண்டு பேர். ஒருவர் மனைவி.

"ஏங்க, அன்னைக்கு நீங்க எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல பந்தி விசாரிச்சிட்டு இருந்தீங்க."

பெஞ்சில் இருந்த எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் அசரவில்லை. பேப்பரை மடித்தார்.

"செப்டம்பர் இருபத்திரண்டு என்ன மாசம்? புரட்டாசி. புரட்டாசியில உங்க வீட்ல கல்யாணம் வைப்பாங்களா?"

அம்மாள் வாயடைத்துப் போனார். பஞ்சாங்கத்தை இப்படிக் கிரிக்கெட்டுக்குச் சாட்சியாக நிறுத்த முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஆனால் மறுநாள் காலை அம்மாள் புதிய ஆதாரத்தோடு வந்துவிட்டார்: கல்யாணம் இல்லையாம், மாமனார் திதியாம். திதிக்கு இவர் இல்லாமல் எப்படி? அதற்கு இவர், பிண்டம் வைத்துவிட்டு மத்தியானம் கிளம்பினேன் என்றார். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது எதிரி பேரன், அவன் கையில் இருக்கும் போன். "தாத்தா, கபில் தேவ் அன்னைக்கு செஞ்சுரி அடிச்சார்னு சொன்னீங்க. இதுல முதல் இன்னிங்ஸ்னு போட்டிருக்கே? கடைசி நாள் ஒரே ஒரு ரன்தான்." வேறு யாராயிருந்தாலும் அந்த இடத்தில் சுருண்டிருப்பார்கள். இவர் பையனைப் பரிவோடு பார்த்தார்.

"அதை எழுதினவன் அங்க இருந்தானாடா?"

இதற்குப் பதில் சொல்ல எந்தக் கம்பெனியும் இன்னும் போன் தயாரிக்கவில்லை.

இரண்டு நேரில் பார்த்தவர்கள் ஒரே பெஞ்சில் சந்திப்பதுதான் பார்க்க வேண்டிய காட்சி. முதலில் சின்னதாக ஒரு மோப்பம். "எந்தப் பக்கம் உக்காந்தீங்க? வாலாஜா ரோடு பக்கமா?" "இல்ல, பெவிலியனுக்கு எதிரே." "அப்படியா, அங்க நிழலே இருக்காதே." "ஆமாமா, நிழலே இல்ல." வெள்ளோட்டம் முடிந்தது. இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டது: நீ என்னைக் குடைந்தால் நான் உன்னைக் குடைவேன். அதன்பின் ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்டுவார், மற்றவர் சொல்ல இவர் "அதேதான்!" என்பார். பத்து நிமிடத்தில் இருவரும் ஒரே தயிர்சாதப் பொட்டலத்தைப் பகிர்ந்து சாப்பிட்டவர்களாகி விடுவார்கள்.

நானும் ஒருநாள் சும்மா இருக்காமல் நம்மவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டுவைத்தேன். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவர். எத்தனை ஊர் மாற்றல், எத்தனை மேலதிகாரி, எத்தனை ஆடிட் பார்த்திருப்பார்! "என்னமோ போச்சு தம்பி. கடைசியா சூப்ரெண்டா ரிட்டயர் ஆனேன்" என்றார். அவ்வளவுதான். முப்பது வருடம் ஒரு வரியில் முடிந்தது. ஆனால் அந்த முப்பது வருடத்துக்குள் கேஷுவல் லீவு போட்ட நாட்களைத் தொடுங்கள், பொழுது போய்விடும். ப்ளூ டயமண்ட் தியேட்டரில் ஓயாமல் படம் ஓடிக்கொண்டே இருக்கும், எப்போது வேண்டுமானாலும் உள்ளே போகலாம், எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதால், ஏ.சி.க்காகவே ஒரு மத்தியானம் முழுக்க இடைவேளைக்குப் பின்னால் இருந்து ஆரம்பித்து, முழுப்படத்தையும் பார்த்து, மறுபடி இடைவேளைக்குப் பின்னால் வரை உட்கார்ந்த கதை. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் கார் இல்லாமல் நடந்துபோய், கார்க்காரர்கள் நடுவே நின்று காபி குடித்த கதை. சம்பளம் வாங்கிய நாட்கள் ஒன்றுகூட நினைவில் இல்லை, லீவு போட்ட நாட்கள் அத்தனையும் தேதிவாரியாக இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான ஒரு மனிதர் அந்தப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்வது வழக்கம். பேசமாட்டார், எங்கள் சபையில் வெறும் தலையாட்டி உறுப்பினர். ஒருநாள் யாரோ விளையாட்டாக, "நீங்க அன்னைக்கு எங்க சார் இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார்கள்.

"சேப்பாக்கத்துலதான்" என்றார் சாவகாசமாக. "மச்சினன் சீசன் டிக்கெட் வாங்கியிருந்தான், அஞ்சாம் நாள் அவனால வர முடியல, என்னைப் போகச் சொன்னான். கடைசியில கூட்டம் நெரிக்குமேன்னு ரெண்டு ஓவர் முன்னாலயே கிளம்பி பஸ் ஸ்டாப்புக்கு வந்துட்டேன். அங்க ஒருத்தர் டிரான்சிஸ்டர் வெச்சிருந்தார், அவர்தான் டைனு சொன்னார். எனக்கு அப்ப புரியல. டிரானு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போனேன்."

நம்மவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். உண்மையாகவே அங்கே இருந்த ஒரே ஆள், ஒன்றையும் பார்க்காமல் வந்திருக்கிறார்! "அய்யோ, அய்யோ" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, அந்தக் கடைசி ஓவரை அவருக்கு முதல் பந்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். சாஸ்திரி எங்கே அடித்தார், யார் பந்தைப் பொறுக்கினார்கள், மணிந்தர் எப்படி முன்னால் வந்தார், விரல் எவ்வளவு சீக்கிரம் மேலே போனது. அவர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். தான் போன ஆட்டத்தை இத்தனை வருடம் கழித்து, போகாதவர் வாயால் பார்த்து முடித்தார்.

போகாதவர் என்று நான் எழுதிவிட்டேன். நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. டிக்கெட் இருந்ததாம், வெள்ளையடிக்கும்போது பழைய பேப்பரோடு போய்விட்டதாம். என் ஊகம் இதுதான்: அந்தக் காலத்து வானொலி வர்ணனை. அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் கிரிக்கெட் சொன்னால் பந்து வருவது மட்டுமா தெரியும்? புல்லின் நிறம், மேகம், பந்து வீசுபவர் நெற்றி வியர்வை எல்லாம் டீக்கடை பெஞ்சிலேயே கிடைக்கும். அப்படிக் கேட்டவனுக்கு, கேட்டது எது, பார்த்தது எது என்று நாற்பது வருடம் கழித்துப் பிரித்துச் சொல் என்றால் எப்படிச் சொல்வான்? கடைசி நாள் ஆட்டம் பார்க்க அவர் கவுண்டரை விட்டு எழுந்து போயிருந்தால் லீவு ஒன்று போயிருக்கும். எழுந்து போகாமல் டிரான்சிஸ்டரை டிராயருக்குள் வைத்துக் கேட்டிருந்தால் ஃபைல் ஒன்று தேங்கியிருக்கும். எப்படிப் பார்த்தாலும் அன்று அவர் வேலை பார்க்கவில்லை என்பது நிச்சயம்.

ஆகவே, இவர் உங்கள் பேட்டைப் பூங்காவிலும் இருப்பார், தேடிப்பிடியுங்கள். எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள் என்று மட்டும் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். வெயில் எப்படி இருந்தது என்று கேளுங்கள், போதும். கேட்பதற்கு முன் ஒரு காபி குடித்துவிட்டு, வீட்டுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். ஆட்டம் ஐந்து நாள்.