கப்பல் பாக்கப் போற மோனைக்கு

வா மோனை, இரு. ரொறன்ரோவிலையிருந்து லீவிலை வந்த கையோடை ஹிக்கடுவைக் கடலுக்கை தாண்டு கிடக்கிற கப்பலைப் பாக்கப் போறியாம் எண்டு கொம்மா சொன்னவ. ஆடி மாசத்திலை! அந்தக் 'கொன்ச்' எண்ணெய்க் கப்பல் தாண்டதும் 1903 ஜூனிலைதான். கப்பல் போன பருவத்திலையே நீயும் போறதெண்டு ஆரும் நேத்தி வைச்சவையோ?

உந்தப் பல்கணியிலை நிண்டு எட்டிப் பார். மரைன் டிரைவுக்கு அங்காலை அலை எழும்பி ரயில் யன்னலைக் கழுவுது. சோளகம் மோனை. மேற்குக் கரையிலை கார்த்திகை தொடக்கம் சித்திரை மட்டும்தான் இறங்குவினம். இப்ப இறங்கினால் உன்ரை கையையே தடவித்தான் பிடிக்கோணும்.

கொழும்புக்கு வெளியாலையும் கிடக்கு. 1917 மாசியிலை ஜெர்மன்காரன்ரை 'வொல்ஃப்' போட்ட கண்ணிவெடியிலை 'வூஸ்டர்ஷயர்', 'பெர்சியஸ்' ரெண்டும் போச்சு. அதுகள் பழகினவைக்கு. புதுசாப் படிச்சவனுக்கு 18 மீற்றர்தான் எல்லை. நீயோ நீச்சல் குளத்திலையே மூக்கைப் பொத்திற ஆள்.

ஆடியிலை கிழக்குக்குப் போ. நிலாவெளிக்கு வடக்கை இறக்கக்கண்டியிலை பத்து மீற்றர் அளவிலை ஒரு உடைஞ்ச கப்பல் இருக்கு. பத்துத்தானே எண்டு நெஞ்சை நிமித்தாதை. அங்கை அமுக்கம் மேலை இருக்கிறதிலும் ரெண்டு மடங்கு. சிலிண்டர்க் காத்தை இழுத்து அடக்கிக்கொண்டு மேலை பாய்ஞ்சால், அது ரெண்டு மடங்காய் வீங்கி நுரையீரலைக் கிழிச்சுப்போடும். மன்னாரிலை முத்துக் குளிச்சவன் மூச்சை அடக்கினவன் எண்டு சொல்லுவாய். அவன் மேலை இழுத்த மூச்சைத்தான் கீழை கொண்டு போனவன். நீ விடாமல் மூச்சு விட்டுக்கொண்டிரு. காது அடைச்சால் மானம் பாக்காமல் கொஞ்சம் மேலை வா.

கப்பலிலை ஓட்டை கண்டால் தலையை விடாதை. காலாலை ஒரு உதை உதைச்சால் சேறு கிளம்பி வந்த வழி மறைஞ்சு போம். வெளியிலை நிண்டு களவாயைப் பார். ஞாபகத்துக்கெண்டு ஒரு ஆணியும் கழட்டாதை.

துணைக்கு ஆர், கொட்டாஞ்சேனைச் சினேகிதனோ? முத்துக்குளிகாரர் கயிறு பிடிக்கப் பெண்சாதியின்ரை தமையனைத்தான் நிப்பாட்டுவினமாம். தங்கச்சியின்ரை தாலிக்குப் பயந்து ஒழுங்காய் இழுப்பானெல்லே. உனக்கு அந்தக் குடுப்பினை இல்லை. சினேகிதனிட்டைக் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்டு போ, உன்னைக் கீழை விட்டிட்டு வரமாட்டான்.

திரும்பி வந்தவுடனை கட்டுநாயக்காவுக்கு ஓடாதை. கடைசியாய் ஏறினாப்பிறகு 18 மணித்தியாலமாவது பிளேன் ஏறக்கூடாது. அந்த இடைவெளியிலை கொம்மா உன்னை ஒரு வீட்டை கூட்டிக்கொண்டு போகப் பாக்கிறா. பிள்ளை ரீச்சராய் இருக்கு. தமையன்மார் ரெண்டு பேர், ரெண்டு பேரும் நல்ல கட்டுமஸ்து.