ஐந்தாவது பெட்டி

இரவு எட்டு மணிக்கு மேல் என் பெரியப்பாவைப் போனில் பிடிக்க முடியாது. விவாதத்தில் இருப்பார். டிவியில் நாலு பெட்டிக்குள் நாலு பேர்: ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, மூத்த பத்திரிகையாளர், எந்தக் கட்சி என்று ஊருக்கே தெரிந்த 'அரசியல் விமர்சகர்'. ஐந்தாவது பெட்டி, எங்கள் கூடத்தில் கிடக்கும் ஒயர் நாற்காலி.

நெறியாளர் கேள்வியை முடிப்பதற்குள் பெரியப்பாவின் பதில் வந்துவிடும். "இப்பத் தண்ணி குடிப்பான் பாரு" என்பார். பதில் சொல்ல வேண்டியவரும் குடிப்பார். இன்னொருவர் 1967-இல் ஆரம்பிப்பார். வேறொருவர், கேள்வி குடிநீரைப் பற்றியதென்றாலும், 1974-க்குப் போய்க் கச்சத்தீவில் கரை ஏறுவார். எல்லாம் பெரியப்பாவுக்கு மனப்பாடம். இருந்தும், "நான் பேசும்போது குறுக்கிடாதீங்க" என்று திரையில் சத்தம் ஏறினால் வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்து நின்றுவிடுவார். ரிமோட்டால் நாற்காலிக் கையை அடித்து அடித்து, அதன் பாட்டரி மூடி எப்போதோ போய்விட்டது. இப்போது ரப்பர் பேண்டு.

அவர் யார் பக்கம் என்பது நாற்பது வருடமாகப் பெரியம்மாவுக்கே தெரியாது. ஆளுங்கட்சி பேசினால் இவர் எதிர்க்கட்சி. எதிர்க்கட்சி வாயைத் திறந்தால் ஆளுங்கட்சி. மூன்றாவது அணிக்காரர் வந்தால், 2013-இல் வந்த நோட்டா. விளம்பர இடைவேளையில் பெரியம்மா ரிமோட்டைப் பிடுங்கி சீரியல் வைப்பார். அங்கேயும் நாலு பேர் கத்துகிறார்கள். "இவங்க கத்தி முடிச்சு அழவாச்சும் செய்றாங்க" என்பது பெரியம்மா கட்சி.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று கட்சிக்காரர்கள் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு ஓட்டுக் கேட்டு வந்தார்கள். இன்று கிழிபடப் போகிறார்கள் என்று நான் திண்ணையில் இடம் பிடித்தேன். பெரியப்பா துண்டை இடுப்புக்கு இறக்கி, கைகூப்பி, "நம்ம வீட்டு ஓட்டு உங்களுக்குத்தான் தம்பி" என்றார். மூன்று பேரிடமும்.

மூன்றாமவர் நகரும்போது, ஈரக் கையோடு பெரியம்மா வந்தார். "தெருமுனைல பாதாளச் சாக்கடை மூடி உடைஞ்சு எட்டு மாசமாச்சு. எப்பப் போடுவீங்க?"

"ஒரு நிமிஷம்மா, நான் சொல்லி முடிச்சிடறேன்" என்று ஆரம்பித்த வேட்பாளர், முடிக்காமலே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று இரவு எட்டரைக்கு அதே கட்சியின் செய்தித் தொடர்பாளரைப் பார்த்து, "சாக்கடை மூடியைப் பத்திப் பேசுய்யா, பாப்போம்!" என்று பெரியப்பா முழங்கினார். ஒரு சிறிய இடைவேளை என்றார் நெறியாளர்.

மூடி இன்னும் வரவில்லை. எங்கள் தெருப் பக்கம் வந்தால் முனையில் வண்டியைக் கொஞ்சம் பார்த்துத் திருப்புங்கள். அடையாளத்துக்கு ஒரு முருங்கைக் கிளை சொருகி வைத்திருக்கிறோம்.