பாலத்துக்குப் பிடிக்காத ஒற்றுமை

கேள்வி: நண்பருடன் பேசிக்கொண்டே நடந்தால், சற்று நேரத்தில் இருவர் காலும் ஒன்றாக விழுகிறதே, எப்படி? (கும்பகோணம் வாசகர்)

பதில்: பக்கத்தில் வருபவரின் காலடிச் சத்தத்தையும் தோள் அசைவையும் காதும் கண்ணும் நம்மைக் கேட்காமலே கவனிக்கின்றன, கால் அனுசரித்துக்கொள்கிறது. கைகோத்து நடந்தால் இன்னும் சுலபம். கணவன் மனைவிக்கும் இப்படித்தான். கால் ஒத்துப்போகும், கருத்துக்கு உத்தரவாதமில்லை.

ஆனால் இந்த ஒற்றுமை பாலங்களுக்கு ஆகாது. 1831-ல் இங்கிலாந்தின் பிராட்டன் தொங்குபாலத்தில் சிப்பாய்கள் அணிநடை போட, போல்ட் முறிந்து பலர் ஆற்றில் விழுந்தார்கள். அதிலிருந்து, பாலம் வந்தால் தாளம் கலைத்து நடக்கவேண்டும் என்று பட்டாளத்துக்கு உத்தரவு.

2000 ஜூனில் லண்டன் மில்லேனியம் நடைபாலம் திறந்த அன்றே பக்கவாட்டில் ஆடியது. விழாமலிருக்க ஜனங்கள் காலை அகட்டி ஊன்ற, ஆட்டம் கூடியது. இரண்டு நாளில் மூடி, அதிர்வுதாங்கிகள் பொருத்தி, 2002-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

பள்ளி அணிவகுப்பில் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் கடைசி வரிசையில் ஒருவன் இடதுக்கு வலதை வைப்பான். பி.டி. வாத்தியாருக்கு அவன் தலைவலி. பாலம் கட்டும் இன்ஜினியருக்கு அவன்தான் தங்கம்!