துருவில் கை வைக்காதீர்கள்!

கேள்வி: காயலாங்கடையில் ஒரு பழைய கேப்புத் துப்பாக்கியும் அதன் பயோனெட்டும் கிடக்கின்றன. வாங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வார்னிஷ் அடித்துக் கூடத்தில் மாட்டினால் மதிப்புக் கூடுமா?
- வாசகர், ராயபுரம்

பதில்: பளபளப்பு கூடும், மதிப்பு தூளாய் உதிரும். பட்டாளத்துத் துப்பாக்கி ஓர் ஆவணம். அதன் எழுத்துகள் இரும்பின் மேல்தோலில்தான் இருக்கின்றன. கிழக்கிந்தியக் கம்பெனி 1808 வரை தன் துப்பாக்கிகளில் இதய வடிவ முத்திரையைப் பதித்தது; அதன்பின் கிரீடம் ஏந்திய சிங்கத்துக்கு மாறியது. அடித்தால் வெடிக்கும் ரசாயன மருந்தைத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தவர் ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத். அவர் காப்புரிமை பெற்றது 1807-ல். அந்த மருந்தைச் சிறு மூடியில், அதாவது கேப்பில், அடைத்து வெடிக்கும் கேப்புத் துப்பாக்கிக்குப் பிரிட்டிஷ் ராணுவம் மாறியதோ 1840-ஐ ஒட்டி. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். இதய முத்திரை உள்ள விசைத் தகட்டில் கேப்பை அடிக்கும் சுத்தி இருந்தால், அது சிக்கிமுக்கித் துப்பாக்கியாகப் பிறந்து பின்னாளில் மாற்றப்பட்டதாக இருக்க வேண்டும், இல்லையேல் போலி. மாற்றப்பட்டது என்றால், கழற்றிய பழைய பாகங்கள் இருந்த இடத்தில் அடைத்த திருகுத் துளைகள் தெரியும். முத்திரையையும் துளையின் தடத்தையும் உப்புத்தாள் ஒரே மாலையில் அழித்துவிடும். பிறகு அசலையும் போலியையும் பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது. மெல்லிய எண்ணெய்த் துணியால் துடையுங்கள், போதும்.

கேள்வி: வரலாறுதான் புத்தகங்களில் இருக்கிறதே, துப்பாக்கி புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறது?
- வாசகி, திருவொற்றியூர்

பதில்: அரசு என்ன அறிவித்தது என்பதைப் புத்தகத்தில் படிக்கலாம். யாரை நம்பியது, யாரை நம்பவில்லை என்பதைத் துப்பாக்கிக் குழாய்க்குள் பார்க்கலாம். 1853 மாதிரி என்ஃபீல்டு துப்பாக்கியின் குழாய்க்குள் மூன்று வரிப்பள்ளங்கள் சுழன்று செல்லும். அவை குண்டைச் சுழலவிட்டுக் குறி தப்பாமல் அனுப்பும். அதன் குறிமானி 900 கெஜம் வரை அளவிடப்பட்டது. 1857 மே மாதம், சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க, அன்று துறைமுகமே இல்லாத சென்னைக் கடற்கரையிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா சென்ற மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற ஐரோப்பியப் படையின் கையில் இருந்தது இதுதான். அந்தக் கிளர்ச்சிக்குப் பின் இந்தியச் சிப்பாய்களுக்கென்று 1858, 1859 மாதிரிகள் வந்தன. வெளித்தோற்றம் அதே என்ஃபீல்டு. உள்ளே பள்ளம் கிடையாது, குழாய் சுமார் .65 அங்குலத்துக்கு வழவழப்பாகக் குடையப்பட்டது. நீளக் குறிமானி இருந்த இடத்தில் ஒரு கட்டைதான். நூறு கெஜத்தைத் தாண்டினால் குறியை நம்ப முடியாது. குடைந்ததால் 1858 மாதிரியின் குழாய்ச் சுவர் மெலிந்து பலவீனமானது. 1859 மாதிரியில் சுவரைத் தடிப்பாக்கினார்கள். ஆள்பவர் கையில் நல்ல துப்பாக்கி, ஆளப்படுபவர் கையில் அரைத் துப்பாக்கி என்ற கொள்கையை இன்றும் விரலால் தொட்டு உணரலாம். ஆகவே வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் குழாயின் வாய்.

கேள்வி: நம் மக்களைக் கொன்ற கருவிகள்தானே இவை? உருக்கிக் கம்பியாக்கினால் என்ன குறைந்துவிடும்?
- வாசகர், எண்ணூர்

பதில்: உங்கள் கோபம் நியாயம், தண்டனைதான் தவறு. அந்த ஃபியூசிலியர்ஸ் படையை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரி நீல், கிளர்ச்சியை அடக்கும்போது வடக்கே செய்த கொடுமைகளால் பேர்பெற்றவர். மவுண்ட் ரோட்டில் நின்ற அவர் சிலையை அகற்றக் கோரி 1927-ல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937-ல் ராஜாஜி அரசு சிலையைச் சாலையிலிருந்து எடுத்தது. உருக்கவில்லை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. மரியாதை பறிபோனது, சாட்சியம் நிலைத்தது. எதிர்த்திசையில் ஓர் உதாரணமும் உண்டு. 1855-ல் வாரிசில்லை என்று சொல்லித் தஞ்சை அரசைக் கம்பெனி எடுத்துக்கொண்டபின், அரண்மனை ஆயுதங்கள் சென்னைக்கு வந்தன. தேர்ந்தெடுத்த சில, அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. மற்றவை பெருமளவில் உடைக்கப்பட்டுப் பழைய உலோகமாகப் போயின. தப்பியவற்றைக் கொண்டுதான் இன்று தென்னிந்திய ஆயுதக் கலையை ஆராய்கிறார்கள். உருக்கியதில் ஆட்சி செய்தவனுக்கு நட்டமில்லை, இழந்தது நாம்தான். நம்மை அடக்கிய கருவியை அழித்தால், அடக்கியதற்கான தடயமும் சேர்ந்தே அழியும்.

கேள்வி: சரி, வாங்கி வைத்துக்கொள்ளச் சட்டம் விடுமா?
- வாசகர், காசிமேடு

பதில்: பழையது என்பதாலேயே விட்டுவிடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, வழக்கொழிந்த அல்லது தொன்மை மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்குத் தருகிறது. ஆனால், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக அவை இருக்க வேண்டும். கேப்பு வைத்தால் வெடிக்கும் என்றால் உரிமம் தேவை. 9 அங்குலத்துக்கு மேற்பட்ட பயோனெட்டும் ஆயுத விதிகளின் பட்டியலில் இருக்கிறது. எனவே காசு கொடுக்குமுன் காவல் ஆணையர் அலுவலகத்தில் கேளுங்கள். மண்ணைத் தோண்டும்போது கிடைத்தால், 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தராது. இத்தனை கெடுபிடி ஏன் என்று சலிப்பவர்களுக்கு ஒரு பதில்: பழைய குழாய்க்குள் அன்று திணித்த மருந்தும் குண்டும் அப்படியே இருக்கலாம், உலர்ந்த கருமருந்து இன்றும் தீப்பிடிக்கும். அதன்மேல் கேஸ் கட்டரை வைக்கும் கடைத் தொழிலாளியின் உயிர், எந்தச் சேகரிப்பையும்விடப் பெரியது.

சட்டம் இடம் கொடுக்காத பொருளையும் ஆவணமாகச் சேகரிக்கலாம். முத்திரையைப் படமெடுங்கள், குழாய்வாயை அளந்து எழுதுங்கள், எந்த ஊரிலிருந்து யார் வழியாக வந்தது என்று விசாரித்துக் குறியுங்கள். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்திலும் எழும்பூரிலும் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். வந்த வழி தெரியாத துப்பாக்கி எடைக்கு விற்கும் இரும்பு. வந்த வழி பதிவாகிவிட்டால், பொருள் யார் வீட்டில் இருந்தாலும் வரலாறு ஊருக்குச் சொந்தம்.