கொரியாவுக்கும் ஒரு 'ங்க' உண்டு

மோகனூர், 1888-ல் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை பிறந்த ஊர். அப்பேர்ப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, போனில் போட நல்ல கொரிய-ஆங்கில அகராதி எது என்று தேடுகிறவனைப் பெரியவர்கள் ஏற இறங்கப் பார்ப்பது நியாயந்தான். "கரும்பு வெட்ட ஆள் கிடைக்கறதில்ல, உனக்குக் கொரியாவா கேக்குது?" என்றார் டீக்கடையில் ஒருவர்.

கேட்டது நானல்ல, அக்கா மகள். தமிழ் டப்பிங்கில் கொரியத் தொடர் பார்த்துக்கொண்டிருந்த கல்லூரிப் பெண், திடீரென்று டப்பிங்கை அணைத்துவிட்டு அசல் குரலுக்கு மாறிவிட்டாள். "அவங்க நிஜமா என்ன பேசறாங்கன்னு தெரியோணுங்க மாமா. நல்ல டிக்ஷனரியாப் பாத்துப் போட்டுக் குடுங்க." சென்னையில் இருந்தால் இன்கோ மையத்தில் கொரிய வகுப்பிலேயே சேர்த்துவிடலாம். மோகனூரில் போன்தான் வாத்தியார், மாமாதான் தலைமையாசிரியர்.

ஆப் கடையில் நுழைந்தால் அகராதிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றும் தன்னிடம் இத்தனை லட்சம் சொல் இருப்பதாக மார்தட்டுகிறது. ஒன்றில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டால் முதலில் ரம்மி விளையாடக் கூப்பிட்டது; மறுத்த பிறகு கடன் வேண்டுமா என்று கேட்டது. பொருள் கடைசிவரை வரவில்லை. இன்னொன்று, சொல்லை ஆங்கில எழுத்தில் அடிக்கச் சொன்னது. இங்கேதான் ஏமாந்துவிடக் கூடாது. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 1998 முதல் கார் செய்து தள்ளும் ஹூண்டாயின் பெயரையே அவர்கள் ஊரில் 'ஹியோன்தே' என்கிறார்கள். காதில் விழுவதை ஆங்கிலத்தில் எழுதித் தேடினால் தேடிக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அதைவிடக் கொரிய எழுத்தையே படித்துவிடலாம். 1443-ல் செஜோங் என்ற ராஜா உருவாக்கி, 1446-ல் வெளியிட்ட எழுத்து. மெய் 14, உயிர் 10, ஆக 24. இரண்டையும் சேர்த்து ஒரே கட்டமாக எழுத வேண்டும். உயிர்மெய் படித்தவர்களுக்கு இது புதிதா என்ன? 247 எழுத்தைக் காது திருகலோடு கற்ற பரம்பரை நாம். ஆகவே, திரையில் விரலால் கிறுக்கினாலும் எழுத்தை அடையாளம் காண்கிற ஆப்பாக இருப்பது உத்தமம்.

பாபகோ என்று ஒன்று உண்டு. எஸ்பெராண்டோ மொழியில் அதற்குக் கிளி என்று பொருள். முழு வாக்கியத்தையும் பெயர்த்துக் கொடுக்கும், கெட்டிக்காரக் கிளிதான். ஆனால் கிளி சீட்டைத்தான் எடுத்துக் கொடுக்கும். ஏன் அந்தச் சீட்டு என்று சொல்லாது. மொழி கற்கிறவளுக்கு அந்த 'ஏன்' வேண்டும். அதற்கு அகராதிதான் சரி.

அகராதிக்கு வைக்க வேண்டிய பரீட்சை சுலபமானது. 'சாப்டீங்ளா' என்று யாராவது தமிழ் அகராதியில் தேடுவார்களா? 'சாப்பிடு' என்றுதான் இருக்கும். கொரியனும் அதே ஜாதி. வினைக்குப் பின்னால் ரயில் பெட்டி மாதிரி விகுதிகள் கோத்துக்கொண்டு போகும். தொடரில் கேட்பது 'மோகோஸ்ஸோயோ'; அகராதியில் இருப்பது 'மோக்தா'. கேட்டபடியே அடித்தால் மூலத்தைக் கண்டுபிடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். லட்சக்கணக்கில் சொல் வைத்திருந்த ஆப்களில் பல இங்கே கைவிரித்தன. நேவர் அகராதி தேறியது. உச்சரிப்பு, எடுத்துக்காட்டு வாக்கியம் எல்லாமும் தருகிறது. அதையே போட்டுக் கொடுத்தேன்.

ஆனாலும் ஒரு குறை. வினையைக் கடைசியில் வைத்துப் பேசும் இரண்டு மொழிகளுக்கு நடுவில் ஆங்கிலம் எதற்கு? ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905-லேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஓர் இலக்கணப் புத்தகம் போட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் இன்று ஏற்பதில்லை. எங்கள் வாட்ஸ்ஆப் குழுப் பெரியப்பாக்கள் ஏற்றுக்கொண்டு வெகு காலமாகிறது. குடும்பம் எதுவானாலும் குணம் ஒன்று. தோழனிடம் 'மோகோ', பெரியவரிடம் 'துசேயோ'. நாம் 'தின்னு', 'சாப்பிடுங்க' என்பதுபோல. இரண்டுக்கும் ஆங்கிலம் தருவது ஒரே 'ஈட்'. கொங்கு நாட்டில் 'ங்க' போடாமல் வாக்கியத்தை முடித்தால் சண்டைக்கு வந்ததாக நினைப்பார்கள். அந்த 'ங்க'வின் இடத்தில் கொரியர்கள் வைத்திருப்பது 'யோ'. வாக்கியத்தின் வாலில் 'யோ' போட்டால் மரியாதை.

இந்த மரியாதையை அக்கா மகள் வீட்டிலேயே பழக ஆரம்பித்தாள். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த என் அப்பாவின் முன்னால் போய் இடுப்பு வளையக் குனிந்து, "அன்யோங்ஹாசேயோ!" என்றாள்.

அப்பா வெற்றிலையைக் கீழே வைத்தார். "யாரப் பாத்து 'யோ'ங்கறே?"

"அது மரியாதைங்க அப்புச்சி."

"அப்படியா கண்ணு? நாளைக்கு உங்க காலேஜ் பிரின்சிபாலை அப்படிக் கூப்பிட்டுட்டு வந்து சொல்லு."