கொஞ்சூண்டு பூண்டு

தமிழ்நாட்டில் பூண்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரி ஒரு பூண்டி. தஞ்சாவூர்ப் பக்கம் மாதா கோயில் ஒரு பூண்டி. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் இன்னொன்று. நாங்கள் இருப்பது இவை எதுவும் இல்லை. பூம்பாறை தாண்டினால் மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரை என்று ஒரே மூச்சில் சொல்வார்களே, கொடைக்கானல் மேல்மலை, அந்தப் பூண்டி. கொடைக்கானலிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். அழைப்பில் இதையெல்லாம் விளக்கமாக எழுதித்தான் அனுப்பினேன். அப்படியும் சித்தப்பா போன் பண்ணி, "மாதாவுக்கு மெழுகுவத்தி வாங்கிட்டு வரணுமாடா?" என்று கேட்டார்.

விசேஷம் பெரிதாக ஒன்றுமில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். கீழே மதுரையிலும் திண்டுக்கல்லிலும் கத்திரி வெயிலில் வேகும் சொந்தபந்தங்களை மே மாதத்தில் இரண்டு நாள் மேலே கூப்பிட்டு ஒரு மத்தியானச் சாப்பாடு போடலாம், ராத்திரி விறகு மூட்டிக் குளிர் காயலாம் என்று என் மனைவிதான் ஆரம்பித்தாள். முப்பது பேர். எனக்குத் தெரிந்து விருந்தாளியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சைவமா, அசைவமா? அதையும் கேட்கத் தேவையில்லாதபடி முழுச் சைவம் என்று முடிவு செய்துவிட்டதால், என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் எல்லோருக்கும் செல்போனில் ஒரு படிவம் அனுப்பினாள். பெயர், வண்டி எண், இ-பாஸ் எடுத்தாச்சா (2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி கொடைக்கானலுக்கு வண்டியில் வர அது கட்டாயம்), அதற்குக் கீழே "உணவுத் தேவை" என்று ஒரு கட்டம். கட்டம் போட்டால் ஜனங்கள் நிரப்பாமல் விடுவார்களா?

மகளோடு வேலை பார்க்கும் சௌகார்பேட்டைப் பெண் ஜெயின்: மண்ணுக்கடியில் விளைவது எதுவும் ஆகாது, பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடு இல்லை. மருமகனின் பெங்களூர் நண்பன் வீகன்: பால், தயிர், நெய், தேன் கூடாது. மருமகனின் அக்கா மகன், ஆறு வயசு: நிலக்கடலை ஒவ்வாமை. லண்டனிலிருந்து வரும் என் மச்சினனுக்கு சீலியாக் நோய்: கோதுமை கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் பதினோரு பேர். அதில் ஒருவன் நான். சித்தப்பா கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. போனில் சொன்னார்: "அன்னைக்கு அமாவாசைடா. எனக்கு நாட்டுக்காய் மட்டும் போதும்."

மட்டும் போதுமாம்.

பூண்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கும் இந்த வயல்களில் விளைவது பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட், முள்ளங்கி. பூண்டைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. கீழே வடுகபட்டிச் சந்தையில் மலைப்பூண்டு என்றால் தனி விலை. ஆக, எங்கள் ஊரின் பெருமை முழுக்க மண்ணுக்கடியில் இருக்கிறது, ஜெயின் பெண் மண்ணுக்கு மேலே நிற்கிறாள். மேலே விளைவது எது என்று பார்த்தால் பீன்ஸ், முட்டைக்கோஸ், பட்டாணி, சௌசௌ. நாலும் இங்கிலீஷ் காய். அமாவாசை இலையில் அவற்றைக் கண்டால் சித்தப்பாவின் மூதாதையர் மூன்று தலைமுறைக்கு எழுந்து போய்விடுவார்கள். காய்கறிக் காட்டின் நடுவில் வீடு கட்டிக்கொண்டு, விருந்துக்குக் காய் இல்லாமல் நின்றவன் நானாகத்தான் இருப்பேன்.

சமையலுக்கு வத்தலக்குண்டிலிருந்து ஒரு மாஸ்டரை அமர்த்தியிருந்தோம். நாற்பது வருஷக் கல்யாண அனுபவம், வெற்றிலை வாய். படிவத்தைப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார். "சார், ஆயிரம் பேருக்கு ஒரே சமையல் சமைச்சிருவேன். அஞ்சு பேருக்கு ஆயிரம் சமையல்னா எப்படி?" என்றார். பிறகு அவரே சமாதானமானார். "விடுங்க. எல்லாத்துலயும் எல்லாம் கொஞ்சூண்டுதானே போடப் போறோம். ஒண்ணும் ஆகாது."

அந்தக் "கொஞ்சூண்டு" அன்று எனக்கு உறைக்கவில்லை. நானும் தலையாட்டினேன். வேண்டாம் என்று இலையில் குறுக்கே கை வைப்பவரின் விரலிடுக்கில் "கொஞ்சூண்டு" என்று ஊற்றிவிட்டுப் போவதுதானே நம் பந்தி விசாரிப்பு?

மச்சினன் முதல் நாளே வந்துவிட்டான். வந்ததும் அடுக்களைக்குப் போய், மளிகைச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தான். சாமி படம் மாதிரி அசையாமல் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார் மாஸ்டர். பெருங்காய டப்பாவைக் கையில் எடுத்த மச்சினன், "மாமா, இதுல கோதுமை இருக்கு" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. பெருங்காயத்தில் எங்கேயடா கோதுமை? டப்பாவை வாங்கிக் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இருந்தது. ஈரான், ஆப்கானிஸ்தான் பக்கத்துச் செடி ஒன்றின் வேரைக் கீறி எடுக்கும் பிசின் அது. அப்படியே போட்டால் தாங்க முடியாத நெடி என்பதால் மாவும் கருவேலம் பிசின் வகையும் கலந்துதான் விற்கிறார்கள். அந்த மாவு பல டப்பாக்களில் கோதுமை. சாம்பார், ரசம், வடை, அப்பளம் என்று நான் அரிசிச் சாதியாகவும் உளுந்துச் சாதியாகவும் நம்பியிருந்த அத்தனையும் ரகசியமாகக் கோதுமைக்குச் சம்பந்தம் பண்ணியிருக்கின்றன! அறுபத்தைந்து வயதில் இது தெரிந்தால் யாருக்கும் தலை சற்றுச் சுற்றும்.

"சிட்டிகைதானேடா, கொஞ்சூண்டு" என்றேன். மச்சினன் கோபப்படவில்லை. கோதுமையில் இருக்கும் குளூட்டன் ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம், அதற்கு மேல் இருந்தால் குளூட்டன் இல்லை என்று பெட்டியில் போடக் கூடாது, இந்தியாவிலும் அதுதான் அளவு என்றான். கொஞ்சூண்டுக்கு ஒருவர் எண் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இங்கிலாந்தில் 2016-ல் ஒரு பதினைந்து வயதுப் பெண், கடையில் வாங்கிய ரொட்டியின் மாவுக்குள் எள் இருந்தது தெரியாமல் சாப்பிட்டு இறந்துபோனதையும், அவள் பெயரிலேயே "நடாஷா சட்டம்" என்று 2021-ல் வந்ததையும் சொன்னான். கடலை எண்ணெய் டின்னை ஓரம் கட்டிவிட்டு நல்லெண்ணெய்க்கு மாறியிருந்த மாஸ்டர், கையிலிருந்த எள் எண்ணெயை ஒரு தடவை பார்த்தார்.

நிலக்கடலை விஷயத்தில் விதிக்கு என் மேல் தனிப்பட்ட விரோதம் இருந்திருக்க வேண்டும். இஞ்சி ஆகாது, காய்ந்த சுக்கு ஆகும்; பச்சை மஞ்சள் ஆகாது, மஞ்சள்பொடி ஆகும் என்று சௌகார்பேட்டைப் பெண் போனில் வகுப்பு எடுத்தபோது, மண்ணுக்குள் விளைந்தும் எந்த நிபந்தனையும் இல்லாமல் அவர்கள் வீட்டில் அனுமதி வாங்கிய ஒரே ஆள் நிலக்கடலைதான் என்று தெரிந்தது. அதை அந்த ஆறு வயசுப் பொடியன் அடைத்துவிட்டான். காலைக்கு இட்லி போட்டுத் தப்பிக்கலாம் என்றால், ராத்திரி புளித்த மாவு அந்தப் பெண்ணின் வீட்டில் வழக்கமில்லை. மாவுக்கும் அதே எண்ணம் போலிருக்கிறது. பூண்டிக் குளிரில் கம்பளி போர்த்தியும் அது அசையவே இல்லை. மலையில் எல்லாமே நிதானம்தான். கீழே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இந்த உயரத்தில் 93 டிகிரிச் சுமாரிலேயே தளதளவென்று கொதித்துக் காட்டும். மாஸ்டர் அதை நம்பி அண்டாவில் துவரம்பருப்பைப் போட்டார். இரண்டு மணி நேரம் கழித்துப் பருப்பு, போட்டது போட்டபடி எங்களைப் பார்த்தது. அக்கம்பக்கத்து வீட்டுக் குக்கர்களையெல்லாம் வாங்கி வந்து அதைக் கரைத்தோம்.

கடைசியில் எல்லா வாசலையும் தாண்டி வந்தது வாழைக்காய் ஒன்றுதான். மண்ணுக்கு மேலே காய்க்கிறது. நாட்டுக்காய். பால் இல்லை, கோதுமை இல்லை, கடலை இல்லை. கீழ்மலையிலிருந்து இரண்டு தார் இறக்கினோம். வாழைக்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் புளிக்கூட்டு, வாழைக்காய் வறுவல். சித்தப்பா இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஏண்டா, இம்புட்டு வாயு ஆகுமா?"

பாட்டி காலத்தில் இந்தப் படிவம் அவள் தலைக்குள் இருந்தது. பெரியப்பாவுக்கு உப்பில்லாமல் தனிக் கிண்ணம், அத்தைக்குச் சனிக்கிழமை ஒருபொழுது, இன்னாருக்குக் கத்தரிக்காய் தின்றால் அரிக்கும். யாரும் எழுதித் தரவில்லை. அதற்கும் முன்னால் போனால், பழனிக்குப் பக்கத்தில் ஐவர்மலை இருக்கிறது. அங்கே வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870. சாந்திவீரக் குரவர் என்ற சமண முனிவர் பார்சுவநாதர் சிலையையும் இயக்கியர் சிலைகளையும் புதுப்பித்து, அவற்றின் படையலுக்கும் ஒரு துறவியின் சோற்றுக்குமாக 505 காணம் பொன் வைத்ததைச் சொல்கிறது. வீகன் என்ற சொல்லே 1944-ல் இங்கிலாந்தில் உண்டானது. எங்கள் மலையடிவாரத்தில் அதற்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்பே சிறப்பு உணவுக்காரர் ஒருவருக்குப் பட்ஜெட் போட்டிருக்கிறார்கள். இதை மாஸ்டரிடம் சொன்னேன். "பொன்னா குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

விருந்தன்று கரண்டிகளுக்கெல்லாம் கலர் நூல் கட்டினாள் என் மனைவி. பச்சை நூல் கரண்டி வெள்ளை நூல் பாத்திரத்துக்குள் போகக் கூடாது. காக்காய்க்குச் சோறு வைத்தோம். எந்தக் கட்டத்தையும் நிரப்பாமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போன விருந்தாளி அது ஒன்றுதான். பந்தி அருமையாகப் போய்க்கொண்டிருந்தது, ரசம் வரும்வரை.

சௌகார்பேட்டைப் பெண் இலையில் கை வைக்காமல் நிமிர்ந்தாள். "அங்கிள், பூண்டு வாசனை வருதே?"

அடுக்களைக்கு ஓடினேன். மாஸ்டர் சுவரைப் பார்த்து நின்றார். "சார், பெருங்காயமும் இல்ல. பூண்டி ஊர்ல நின்னுக்கிட்டுப் பூண்டு இல்லாம ரசம் வச்சேன்னு வெளிய சொல்ல முடியுமா? வெங்காயம் சத்தியமாப் போடல. இது கொஞ்சூண்டு, நாலே பல்லு, தட்டிக்கூடப் போடல, சும்மா முழுசா..."

மலைப்பூண்டில் நாலு பல் என்பது சாதாரணப் பூண்டில் ஒரு முழுத் தலை. அண்டா ரசத்தையும் அப்படியே அடுத்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்தோம். அவர்கள் தூக்கு வாளி கொண்டுவந்து வாங்கிப் போனார்கள். பூண்டிப் பூண்டு ரசத்தின் அருமை தெரிந்தவர்கள். என் மனைவி மிளகும் சீரகமும் தட்டிப் போட்டுப் பதினைந்தே நிமிஷத்தில் வேறொரு ரசம் இறக்கினாள். அதுவரை முப்பது பேரும் இலை முன்னால் உட்கார்ந்து ஒருவர் நோயை ஒருவர் விசாரித்துக்கொண்டார்கள். சொல்லப்போனால் விருந்து களைகட்டியதே அந்தப் பதினைந்து நிமிஷத்தில்தான்.

தேங்காய்ப்பால் பாயசத்தை எல்லோரும் பேசாமல் குடித்தார்கள், பதினோரு பேரைத் தவிர. பதினோரு பேரும் "நாட்டுச் சர்க்கரைதானே, அது சுகருக்கு நல்லதாச்சே" என்று சொல்லிக் குடித்தார்கள். சித்தப்பா பழனியிலிருந்து பஞ்சாமிர்த டப்பாவும் கொண்டுவந்திருந்தார். அதில் தேனும் நெய்யும் உண்டு என்று பெங்களூர்ப் பையன் பக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பித் தந்தான்.

சாயங்காலம் சௌகார்பேட்டைப் பெண்ணுக்கு ராத்திரிச் சாப்பாட்டை முன்கூட்டியே முடிக்க வேண்டும். மே மாதத்தில் பொழுது சாய ஆறரை ஆகும். ஐந்தரைக்கே பனிமூட்டம் இறங்கி, மேற்கு மலையே காணாமல் போய்விட்டது. சூரியன் மறைந்ததா, மறைக்கப்பட்டதா? ஆளுக்கொரு வரப்பில் நின்று வானத்தைத் தேடினோம். மருமகன் செல்போனைப் பார்த்து இன்னும் 48 நிமிஷம் என்றான். சித்தப்பா செல்போனை நம்பமாட்டார். அவர் கோழியைப் பார்த்தார். கோழி இன்னும் அடையவில்லை. "சாப்பிடு தாயி" என்றார்.

மறுநாள் காலை கிளம்பும்போது எல்லோரும் பக்கத்துத் தோட்டத்தில் ஆளுக்கு இரண்டு கிலோ பூண்டு வாங்கினார்கள். சௌகார்பேட்டைப் பெண்ணின் எதிர் பிளாட் மாமிக்கும் இரண்டு கிலோ வேண்டுமாம். இவள்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். பின்னால் இடமில்லாமல் மூட்டை அவள் மடிக்கே வந்தது. சென்னைவரை ஏசி காரில் பகல் முழுக்க.

"அங்கிள், மூச்சு வழியாப் போனா அது சாப்பிட்டதா சேருமா?"

எனக்கு வாயில் வந்த சொல்லை விழுங்கிவிட்டுக் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். அந்தக் குளிரில் நாலு ஜன்னலையும் திறந்துபோட்டுக்கொண்டு, மப்ளர் கட்டிய தலைகளோடு கார் கவுஞ்சிப் பக்கம் திரும்பியது. அது போன பிறகும் வெகுநேரம் வாசலில் மணத்துக்கொண்டிருந்தது.