கண்ணுக்குக் கட்டில், முதுகுக்குத் திண்ணை

வா மருமவனே, இப்பிடி உக்காரு. புது வீட்டுக்குக் கட்டில், அலமாரி, சாப்பாட்டு மேசை, மாடியில உன் ஆடிட்டர் ஆபீசுக்கு மேசை நாற்காலி, அம்புட்டையும் ஆசாரிய வச்சே செய்யப் போறியாமே. உங்க அம்மைதான் சொன்னா. செல்லு நெறையப் படமும் வச்சிருக்கியாம். ரொம்பச் சந்தோசம். இந்தக் காரியத்துல ஏமாறணும்னா அதுக்கும் ஒரு முறை இருக்கு. அரைகுறையா ஏமாந்தா குடும்பத்துக்கே அசிங்கம். செங்கோட்டையில மர அறுவை மில்லு வாசல்ல உக்காந்தே பாதி ஆயுசக் கழிச்சவன் நான். முறையாச் சொல்லித் தாரேன், கேட்டுக்க.

மொதக் காரியம், மரத்தோட பேர மட்டும் கேளு, மரத்தப் பாக்காத. கடைக்காரன் "பர்மா தேக்கு சார்"னதும் நெஞ்ச நிமித்திக்கிட்டு அட்வான்சக் குடுத்துரு. பர்மாக்காரன் முழுக்கட்டைய வெளிநாட்டுக்கு ஏத்துறத 2014 ஏப்ரலோட நிறுத்திட்டான். ஆனா நம்ம பக்கத்துக் கடையில பர்மா தேக்கு தீந்துபோச்சுன்னு ஒருத்தன் சொல்லிக் கேட்டிருக்கியா? கானாவுல இருந்தும் ஈக்வடார்ல இருந்தும் தோட்டத்துத் தேக்கு கப்பல்ல வருது. கப்பல விட்டு எறங்குற வரைக்கும் அதுக்குப் பொறந்த ஊருப் பேருதான். லாரியில ஏறினதும் பர்மாவாயிரும்.

தோட்டத்துத் தேக்குன்னா மட்டம்னு நான் சொல்லல. மலைக்கு அந்தப் பக்கம் நிலம்பூர்ல, 1840கள்ல கனோலிங்கிற கலெக்டர் ஏற்பாடு பண்ண, சாத்து மேனோன் நட்டு வளத்த தேக்கு இன்னமும் நிக்கி. அண்ணாந்து பாத்தா தோள்துண்டு கீழ விழுந்துரும். மரத்துக்கு வயசுதான் பெரிசு. இளசா வெட்டுனதுல நடுவுல கொஞ்சூண்டு வைரம், சுத்தி வெள்ளை. வைரத்துல எண்ணெய்ப் பசை இருக்கு, கரையான் லேசுல வாய் வைக்காது. வெள்ளையில பூச்சி குடும்பத்தோட வந்து குடியேறும். ஆனா கலர் போட்டு வார்னிஷ் அடிச்சிட்டா ரெண்டும் அண்ணன் தம்பிதான். அதனால நீ பாலிஷ் முடிஞ்ச பொறவு போய்ப் பாரு. அதுக்கு முந்திப் பாத்தா வீணா மனசு சங்கடப்படும்.

ரெண்டாவது, கணக்குக் கேக்காத. ஊரு கணக்கையெல்லாம் பென்சில் வச்சு நோண்டுத ஆளு மரக்கடையிலயும் நோண்டுனா நல்லாவா இருக்கும்? அறுத்த மரத்துக்கு அகலம் இஞ்சுல, கனம் இஞ்சுல, நீளம் அடியில எடுத்து, மூணையும் பெருக்கி 144ஆல வகுத்தா கன அடி வந்துரும். 6 இஞ்சு அகலம், 2 இஞ்சு கனம், 12 அடி நீளம்னா சரியா ஒரு கன அடி. சின்னப்புள்ளைக் கணக்கு, உன் தகுதிக்கு ஆகாது. உருண்டைக் கட்டையா வாங்கினா இன்னும் ருசி. சுத்தளவுல கால் பாகத்த எடுத்து, அத அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்குவான். அந்தக் கணக்குல 100 கன அடிக் கட்டை 78.5தான் வரும். "மிச்சமெல்லாம் நமக்கு லாபம்"னு வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிரு. பொறவு மில்லுல பட்டையும் ஓரமும் கழிஞ்சு விழும்போது, அந்த லாபம் வெறகா அடுக்கிக் கெடக்கும்.

இன்னொண்ணு. ஆசாரி கணக்குல எட்டு நூலு ஒரு இஞ்சு. நீ 2 இஞ்சுக்குக் காசு குடுத்த சட்டத்த இழைப்புளி ரெண்டு பக்கமும் ஒவ்வொரு நூலு தின்னா ஒண்ணேமுக்கால்தான் மிஞ்சும். அத முன்கூட்டியே கேட்டு வச்சிக்கிட்டா சண்டை வராது. சண்டை இல்லாத வீட்டு வேலையில என்னலே சொவாரசியம்?

மூணாவது, பால்காய்ப்புக்கு நாளக் குறிச்சிட்டு மரத்த வாங்கப் போ. பச்ச மரம் காத்துல காய, ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு வருசம்னு பழைய ஆளுக சொல்லுவாக. சூடு குடுத்துச் சீக்கிரம் காயவைக்க இப்பம் சேம்பர் இருக்கு. ரெண்டுக்கும் நீ காத்திருக்காத. மரம் நீளவாக்குல அம்புட்டா அசையாது. அகலவாக்குலதான் சுருங்கும், விரியும். அதுக்கு இடமே குடுக்காம, மேசைப் பலகைய நாலு பக்கமும் திருகாணி போட்டு முறுக்கச் சொல்லு. சித்திரை வெயிலும் உன் ஏ.சி.யும் சேந்து நடுவுல ஒரு வெடிப்பு விட்டுரும். ரசீது செருகிக்கலாம். ஆனி ஆடியில குத்தாலத்துச் சாரல் இந்தப் பக்கம் வீசும்போது டிராயர் உப்பிக்கிட்டு வரமாட்டேங்கும். வரிக்காரன் பைலக் கேட்டா "சாரல் நின்னதும் தாரேன்"னு எழுதிக் குடுத்துரலாம்.

நம்ம பழைய வீட்டுக் கதவப் பாத்திருப்ப. நடுப்பலகைய சட்டத்துக் காடியில சும்மா நிறுத்தி வச்சிருப்பான், பசை போட்டிருக்க மாட்டான். பலகை கோடையில ஒடுங்கும், மழையில விரியும், சட்டத்துக்கு ஒரு சேதியும் தெரியாது. அந்த ஆசாரிக்குப் படம் பாக்க செல்லு இல்ல, பாவம். மரத்தத்தான் பாத்தான். ஒரு சட்டத்துல துளையடிச்சு, இன்னொண்ணோட நுனிய ஒடுக்கி உள்ள எறக்கி, குறுக்க மூங்கில் ஆணி அடிச்சான். இப்பம் அதச் செய்யச் சொன்னா நாளாகும், கூலி ஆகும். மெஷின் ஆணிய டப்பு டப்புன்னு அடிச்சா மத்தியானச் சோத்துக்குள்ள நாற்காலி நின்னுரும். எம்புட்டு நாளைக்கு நிக்கும்னு கேக்காத.

ஆபீசுக்குப் பிளைவுட்டு போதும்னு சொல்லுத. தப்பே இல்ல, நல்ல சாமான்தான். பலகையில ஐ.எஸ். 303ன்னு முத்திரை இருந்தா சாதா அறைக்குப் போதும். ஐ.எஸ். 710ன்னா தண்ணி பொழங்குத இடத்துக்கு. அத 72 மணி நேரம் கொதிக்கிற தண்ணியில போட்டு, பசை விடுதான்னு சோதிக்கணும்னு சட்டமே இருக்கு. முத்திரைக்குப் பதிலா "மெரைன்"னு எவனாவது பேனாவுல எழுதியிருந்தாலும் நம்பிரு, எழுதப்படிக்கத் தெரிஞ்ச பய. மைக்கா ஒட்டிட்டா முத்திரை உள்ள போயிரும், அதனால ஒட்டுற அன்னைக்கு நீ திருச்செந்தூர் போயிரு. பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ மரத்தூள் பலகையப் போடச் சொல்லு. குழா ஒழுகுனா டீயில முக்கின ரஸ்க்கு கணக்கா நிக்கும். அலமாரிக் கதவுக்கு வெளிப்பக்கம் மட்டும் மைக்கா ஒட்டு, உள்பக்கத்த யாரு பாக்கப் போறா? ஒத்தப் பக்கம் ஒட்டுன கதவு வளைஞ்சு வரும். ஆசாரிட்டக் கேட்டா அதுவும் புது டிசைன்ம்பான்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. யாரு உக்காரப் போறாங்களோ, யாரு படுக்கப் போறாங்களோ, அவங்கள மட்டும் அளந்துராத. மேசை 30 இஞ்சு, நாற்காலி 18 இஞ்சுன்னு படத்துலயே போட்டிருக்கும். உன் ஆபீசுல கணக்கு எழுதுற புள்ள அஞ்சடி இருந்தா, அது கால் தரையில முட்டாது, தோளு காது வரைக்கும் ஏறிரும். அது புள்ளை மேல உள்ள தப்புன்னு விட்டுரு. அலமாரிய 18 இஞ்சு ஆழத்துல அடக்கமாச் செய். சட்ட மாட்டுற ஹேங்கரே ஏறக்குறைய அம்புட்டு இருக்கும். உள்ளுக்குள்ள 22 இஞ்சாவது வேணும்னு ஆசாரி சொன்னா, காசுக்கு அலையுதான்னு நெனச்சிக்க. பொறவு தெனமும் சட்டக்கை கதவுல மாட்டி உன்ன இழுக்கும். கட்டிலச் செஞ்சு முடிச்சிட்டு மெத்தைக்குப் போ. கடையில 72க்கு 72, 72க்கு 75, 72க்கு 78ன்னு வச்சிருப்பான். உன் கட்டில் 74ல நிக்கும். அதையும் கீழயே முழுசா ஒட்டி முடிச்சிட்டு, அதுக்குப் பொறவு மாடிப்படி வளைவ அளந்து பாரு. போல்ட்டு போட்டுக் கழட்டி மாட்டுற கட்டில்லாம் தோத்தவங்களுக்கு.

அடுப்படி அலமாரி உயரத்த உன் பொண்டாட்டிட்டக் கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. கொத்தனார்ட்டக் கேட்ட, ஆசாரிட்டக் கேட்ட. நல்லதாப் போச்சு, அவங்க ரெண்டு பேரும் வந்து சாம்பார் வச்சிருவாங்க.

ஹாலுக்குச் சோபாக் கைப்பிடியில சிங்க மூஞ்சி வேணுமாமே? தம்மம்பட்டி மரச்சிற்பத்துக்குன்னே பேரு வாங்கின ஊரு. அங்க செதுக்குற சிங்கத்த சுவத்துல மாட்டிப் பாத்தா கண்ணு குளுரும். அத முழங்கை வைக்கிற இடத்துல வச்சா, கடிக்காம என்ன செய்யும்? வாறவன் அரைமணி நேரம் ஆகா ஓகோங்கான், காப்பியக் குடிச்சிட்டுப் போயிருதான். நீ முதுகப் புடிச்சிக்கிட்டு என் திண்ணைக்கு வருவ. வா, பாய் விரிச்சே வைக்கேன்.

கொல்லையில வேம்பு நிக்கி, பூவரசு நிக்கி, பலா நிக்கி. வைரம் பாஞ்ச மரமா எடுத்து, காயவச்சுச் செஞ்சா பேரப்புள்ளை காலம் வரைக்கும் வரும். ஆனா அதுக்குக் கப்பல்ல வந்த பேரு இல்லையே! காரைக்குடிப் பக்கம் போனா, இடிச்ச வீட்டு உத்திரமும் நெலையும் வெலைக்குக் கெடைக்கும். அது சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிஞ்ச மரம். உள்ள பழைய ஆணி கெடக்கும், ரம்பத்துப் பல்லு போகும், ஆசாரி உன் முன்னோர வரைக்கும் இழுத்துத் திட்டுவான். திட்டட்டும், காசா பணமா?

என்னலே, மூஞ்சி சுருங்குது? சரி, இனி நேராச் சொல்லுதேன். நாப்பது சாமானுக்கு ஒரே நேரத்துல அட்வான்சு குடுக்காத. ஆசாரிட்ட, பத்து வருசத்துக்கு முந்தி நீரு செஞ்ச சாமான் எந்த வீட்டுல இருக்குன்னு கேட்டு, அங்க போய் டிராயர இழுத்துப் பாரு. பொறவு ஒரே ஒரு ஸ்டூலு செய்யச் சொல்லு. பாலிஷ் வேண்டாம்னு சொல்லிரு. நாலு காலு, நாலு குறுக்குச் சட்டம், ஒரு பலகை. மரம் காஞ்சுதா, இணைப்பு நின்னுதா, அளவு கேட்டானா, சொன்ன நாளைக்குக் குடுத்தானா, எல்லாம் அதுல வெளிச்சமாயிரும். ஒரு கோடையும் ஒரு மழையும் அது வீட்டுல கெடக்கட்டும். ஆடாம நின்னா அந்த ஆள விட்டுராத, கேட்ட கூலியக் குடு, பேரம் பேசி அவன் மனசக் கெடுக்காத. ஆடுச்சுன்னா, ஒரு ஸ்டூலோட போச்சு.

அப்பிடி நல்ல ஆசாரி அமைஞ்சா எனக்கும் ஒரு ஈசிச்சேர் சொல்லு. வேப்பமரமே போதும். துட்டு உன் கணக்குலயே இருக்கட்டும். ஆனா அளவு என் இடுப்பப் பாத்து எடுக்கணும், உன் மாமியா வந்து என்ன சொல்லுவாங்கன்னு பாத்து எடுக்கப்பிடாது.